பழைய ஐசிகளால் ஒரு பிராசஸர்: கூட்டல் எளிது, கட்டளையிடுவதுதான் பாடு

7400 என்று எண் பொறித்த ஐசி, அதாவது சின்னச் சில்லுக்குள் அடக்கிய மின்சுற்று, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு கால்கள். 7-வது காலில் கிரவுண்டு, 14-வது காலில் 5 வோல்ட். மீதிப் பன்னிரண்டு கால்களில் நான்கு நாண்ட் கேட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு. இரண்டு உள்ளீடும் 1 என்றால் வெளியீடு 0, மற்ற எல்லா நேரமும் 1. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதையும் இதன் உறவுக்கார ஐசிகளையும் மட்டும் வைத்து, மைக்ரோபிராசஸர் என்று ஒன்றை வாங்காமலே, நிரலை ஓட்டும் கணினியை வீட்டு மேசையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் பாடம் நடத்தும் பென் ஈட்டர், பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் பலகையில்) 8 பிட் கணினி, அதாவது எட்டு 0-1 இலக்கங்களை ஒருசேரக் கையாளும் கணினி, ஒன்றைக் கட்டிக் காட்டிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதில் இறங்கியவர்கள்தான் இன்று அதிகம்.

பார்க்கிற பலருக்கும் முதலில் வரும் கேள்வி, இந்தச் சின்னக் கேட்டுகளை எப்படிக் கணக்குப் போட வைக்கிறார்கள் என்பது. சொன்னால் ஏமாற்றமாக இருக்கும்: கணக்குப் போடுவதுதான் இந்த வேலையிலேயே எளிய பகுதி. எந்தக் கணத்தில் எந்த ஐசி பேச வேண்டும், எது கேட்க வேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதிதான் ஆளைச் சோதிக்கும். அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. இந்த ஐசிகளின் அடிப்படையான டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் லாஜிக்) என்ற சுற்று முறையை 1961-ல் டிஆர்டபிள்யூ நிறுவனத்தின் ஜேம்ஸ் பூயி உருவாக்கினார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1964-ல் ராணுவத் தேவைக்காக 5400 வரிசையைக் கொண்டுவந்தது. 1966-ல் மலிவான பிளாஸ்டிக் உறையில் 7400 வரிசை வந்தது. 1970 வாக்கில் 74181 வந்தபோது விளையாட்டே மாறியது. 24 கால் கொண்ட அந்த ஒரே ஐசிக்குள் ஏறக்குறைய 75 கேட்டுகள். நான்கு பிட் எண்கள் இரண்டைக் கூட்டும், கழிக்கும், ஆண்ட், ஆர், எக்ஸார் என்ற தர்க்கச் செயல்கள் எல்லாம் செய்யும். டேட்டா ஜெனரலின் நோவா 1200 என்ற மினிகணினி, ஒரே ஒரு 74181-ஐ வைத்துக்கொண்டு 16 பிட் எண்ணை நான்கு நான்கு பிட்டாக நான்கு தடவையில் கூட்டியது. ஜெராக்ஸ் ஆல்டோவில் நான்கு 74181 பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 1977-ல் வந்த வாக்ஸ்-11/780 கூட அதன் வேகமான தம்பியைத்தான் நம்பியிருந்தது. ஆக, இன்று பொழுதுபோக்காகத் தெரிவது அன்றைக்கு மினிகணினி நிறுவனங்களின் அன்றாடத் தொழில்.

அந்தக் காலத்துக் கணினி ஒன்றின் வால் இன்னும் நம் மேசையில் இருக்கிறது. டெக்சாஸில் சான் ஆன்டோனியோவில் இருந்த கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் 1970-ல் டேட்டாபாயின்ட் 2200 என்ற மேசைக் கணினியை அறிவித்தது. அதன் பிராசஸர் முழுக்க டிடிஎல் ஐசிகளால் ஆன பலகை. அந்தப் பலகையை ஒரே ஐசிக்குள் அடக்கித் தர முடியுமா என்று இன்டெலிடம் கேட்டார்கள். இன்டெல் செய்து முடித்தபோது நாளும் ஆகியிருந்தது, அந்த ஐசி டிடிஎல் பலகையைவிட மெதுவாகவும் இருந்தது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். உரிமை இன்டெலிடமே தங்கியது. 1972-ல் அது 8008 என்ற பெயரில் கடைக்கு வந்தது. அப்புறம் 8080, 8085, 8086 என்று வம்சம் நீண்டது.

டேட்டாபாயின்ட்டின் முதல் வடிவம் ஒரு நேரத்தில் ஒரு பிட்டாகக் கூட்டியது. கூட்டலில் மிச்சத்தை மேலே கொண்டுபோக வேண்டும் என்பதால் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். ஆகவே இரண்டு பைட் எண்ணில் கீழ் பைட் முதலில் வந்தது. பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ 8085 கிட்டில் விரல் தேய ஹெக்ஸ் தட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: 4100-க்குத் தாவ வேண்டுமென்றால் 'தாவு' என்பதன் எண்ணான சி3 போட்டுவிட்டு 00, அப்புறம் 41 என்று தலைகீழாகப் போடச் சொல்வார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு டிடிஎல் பலகையில் ஐசிகளை மிச்சம்பிடிக்கச் செய்த ஏற்பாடு அது.

சரி, கூட்டலுக்கு வருவோம். ஒரு பிட்டை இன்னொரு பிட்டோடும், முந்தைய இலக்கத்திலிருந்து வந்த மிச்சத்தோடும் கூட்ட ஒன்பது நாண்ட் கேட்டுகள் போதும். எட்டு பிட்டுக்கு எழுபத்திரண்டு. அதாவது பதினெட்டு 7400. யாரும் அப்படிக் கட்டுவதில்லை. நான்கு பிட் கூட்டியான 74283 இரண்டை எடுத்து, ஒன்றின் மிச்சத்தை மற்றதன் உள்ளீட்டில் சேர்த்தால் வேலை முடிந்தது. கழித்தல் வேண்டுமா? இரண்டாவது எண்ணின் எட்டு பிட்டையும் எக்ஸார் கேட்டுகள் வழியாக அனுப்புங்கள்; ஒரு உள்ளீடு 1 என்றால் மற்ற உள்ளீட்டை இவை புரட்டித் தரும். 7486 இரண்டு போதும். கழித்தல் என்று சொல்லும் கம்பியை 1 ஆக்கினால் எல்லா பிட்டும் புரண்டுவிடும். அதே கம்பியைக் கூட்டியின் முதல் மிச்ச உள்ளீட்டிலும் கொடுத்தால் ஒன்று கூடிக்கொள்ளும். எண்ணைப் புரட்டி ஒன்றைக் கூட்டினால் அது எதிர்மறை எண். எதிர்மறையைக் கூட்டுவதுதான் கழித்தல். நான்கு ஐசி, ஒரு மாலை நேரம். கூட்டும் இயந்திரம் தயார்.

ஆனால் அது கணினி ஆகவில்லை. இரண்டு எண்ணை நீங்கள் கையால் வைத்தால் கூட்டித் தரும், அவ்வளவே. எண்களை நினைவகத்திலிருந்து எடுத்துவருவது, விடையை எங்கே வைப்பது, அடுத்து என்ன செய்வது, இதெல்லாம் இன்னும் யார் பொறுப்பிலும் இல்லை.

பென் ஈட்டர் கட்டிய வடிவம் புதிதாக யோசித்ததில்லை. ஆல்பர்ட் பால் மால்வினோ மாணவர்களுக்காக வகுத்த சாப்-1 என்ற பாடக் கணினிதான் அதற்கு மூலம். எட்டுக் கம்பிகள் கொண்ட ஒரு பஸ். அதன் இருபுறமும் எண்ணைப் பிடித்துவைக்கும் ஏ ரெஜிஸ்டர், பி ரெஜிஸ்டர், கூட்டி, நினைவகம், நினைவக முகவரி ரெஜிஸ்டர், கட்டளை ரெஜிஸ்டர், அடுத்த கட்டளை இருக்கும் இடத்தைச் சொல்லும் நிரல் எண்ணி, விடையைக் காட்டும் ரெஜிஸ்டர். எல்லாரும் அந்த எட்டுக் கம்பிகளையே பங்கிட்டுக்கொள்கிறார்கள். பட்டிமன்ற மேடையில் ஒரே மைக் இருந்தால் எப்படியோ அப்படி: ஒரு நேரத்தில் ஒருவர் பேசலாம், கேட்கிறவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம். இதற்குத்தான் 74245 போன்ற ஐசிகள் இருக்கின்றன. 0, 1 என்ற இரண்டு நிலையோடு, கம்பியிலிருந்தே விலகி நிற்கும் மூன்றாவது நிலையும் அவற்றுக்கு உண்டு. இரண்டு ஐசி ஒரே நேரத்தில் பஸ்ஸில் ஏறி ஒன்று 0-வையும் மற்றது 1-ஐயும் தள்ளினால் மின்னோட்டம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேராகப் பாயும். விடை தப்பும், ஐசியும் தொட முடியாத சூடாகும்.

இப்போது ஒவ்வொரு உறுப்பிலும் ஒன்றிரண்டு கம்பிகள் மிஞ்சி நிற்கும். "பஸ்ஸில் பேசு", "பஸ்ஸிலிருந்து எடுத்துக்கொள்", "கழி", "எண்ணியை ஒன்று கூட்டு", "நில்" என்பது மாதிரி. இந்த வடிவத்தில் அப்படிப் பதினாறு கம்பிகள். கணினி என்பது இந்தப் பதினாறு கம்பிகளைச் சரியான வரிசையில் ஏற்றி இறக்குவது மட்டுமே. இதை உள்வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் விவரம்.

ஒரு கட்டளையை எடுத்துப் பார்ப்போம்: "14-வது இடத்தில் உள்ள எண்ணை ஏ-யோடு கூட்டு." கட்டளையின் எட்டு பிட்டில் மேல் நான்கு என்ன செய்வது என்று சொல்கிறது, கீழ் நான்கு 14 என்ற முகவரி. முதல் படியில் நிரல் எண்ணி பேசுகிறது, முகவரி ரெஜிஸ்டர் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது படியில் நினைவகம் பேசுகிறது, கட்டளை ரெஜிஸ்டர் எடுத்துக்கொள்கிறது. அதே நேரம் நிரல் எண்ணி ஒன்று கூடுகிறது. இந்த இரண்டு படியும் எல்லாக் கட்டளைக்கும் பொது. ஏனென்றால் இது முடியும்வரை என்ன கட்டளை என்றே இயந்திரத்துக்குத் தெரியாது. மூன்றாவது படியில் கட்டளை ரெஜிஸ்டர் தன் கீழ் நான்கு பிட்டை, அதாவது 14-ஐ, பஸ்ஸில் வைக்கிறது. முகவரி ரெஜிஸ்டர் எடுத்துக்கொள்கிறது. நான்காவதில் நினைவகம் பேச, பி எடுத்துக்கொள்கிறது. ஐந்தாவதில் கூட்டி பேச, ஏ எடுத்துக்கொள்கிறது. ஐந்து படிகளில் கூட்டி வாயைத் திறந்தது ஒரே ஒரு படியில்தான்.

இந்த வரிசையை எப்படி உண்டாக்குவது? கேட்டுகளைக் கோத்தே செய்யலாம். அப்படிச் செய்தால் ஒரு கட்டளையைச் சேர்க்க நினைக்கும்போதெல்லாம் பாதிக் கம்பிகளைப் பிடுங்க வேண்டியிருக்கும். இதற்கு வழி சொன்னவர் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ். 1951-ல் அவர் வைத்த யோசனை: கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஒவ்வொரு படியிலும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் அட்டவணையாக நினைவகத்தில் எழுதிவிடலாமே. 1958-ல் எட்சாக் 2 என்ற கணினி அந்த முறையில் ஓடியது. இதைத்தான் மைக்ரோகோடு என்கிறார்கள். வீட்டில் கட்டுகிறவர்கள், மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஈஈபிராம் என்ற நினைவக ஐசி இரண்டை வைத்து இதைச் செய்துவிடுகிறார்கள். கட்டளையின் நான்கு பிட், படியை எண்ணும் மூன்று பிட், இரண்டும் சேர்ந்து ஈஈபிராமின் முகவரி. அந்த முகவரியில் எழுதியிருக்கும் பதினாறு பிட் அப்படியே பதினாறு கட்டுப்பாட்டுக் கம்பிகளாக வெளியே வருகிறது. கட்டளைத் தொகுப்பை மாற்ற வேண்டுமானால் ஈஈபிராமைத் திரும்ப எழுதினால் போதும். ஒரு கம்பியையும் தொட வேண்டாம்.

இன்னும் இரண்டே முகவரிக் கம்பி சேர்த்தால் நடப்பது எனக்கு இந்த வடிவத்திலேயே மிகப் பிடித்த இடம். கூட்டலில் மிச்சம் வந்ததா, விடை பூஜ்யமா என்ற இரண்டு பிட்டைக் கொடி ரெஜிஸ்டரில் பிடித்து, அதை ஈஈபிராமின் முகவரியில் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது "பூஜ்யமானால் தாவு" என்ற கட்டளைக்கு அட்டவணையில் இரண்டு வரி. கொடி 1 என்றால் நிரல் எண்ணியில் புதிய முகவரியை ஏற்றும் வரி, 0 என்றால் ஒன்றும் செய்யாத வரி. கணக்கின் விடை, அடுத்து எந்தக் கட்டளை என்பதைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. அதுவரை அது நீளமான கால்குலேட்டர். இந்த இரண்டு கம்பிக்குப் பிறகு, நினைவகம் மட்டும் போதுமான அளவு இருந்தால், எந்தக் கணினியும் செய்வதை இதுவும் செய்யும்.

காகிதத்தில் இதெல்லாம் அழகு. பலகையில் ஏற்றியதும் நேரம் என்ற பிரச்சினை எழுந்து நிற்கும். இயந்திரம் முழுவதற்கும் தாளம் போடும் கிளாக் என்ற துடிப்பு 0-விலிருந்து 1-க்கு மேலேறும் விளிம்பில், ரெஜிஸ்டர்கள் பஸ்ஸில் இருப்பதைப் பிடித்துக்கொள்கின்றன. படி எண்ணியும் அதே விளிம்பில் நகர்ந்தால் கட்டுப்பாட்டுக் கம்பிகள் மாறிக்கொண்டிருக்கும் அதே வேளையில் ரெஜிஸ்டர்கள் படித்துவிடும். ஈஈபிராமுக்கு முகவரி மாறினால் வெளியீடு நிலைப்பட 150 நானோசெகண்டு வரை ஆகலாம். அதற்குள் கம்பிகள் கண்டபடி துள்ளும். அதனால் படி எண்ணிக்குக் கிளாக்கைத் தலைகீழாகக் கொடுக்கிறார்கள். கிளாக் கீழிறங்கும்போது படி மாறும், அடுத்து மேலேறுவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் ஒரு நாட் கேட் செய்யும் வேலை.

அந்த அரைச் சுற்றுக்குள் எவ்வளவு நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் இயந்திரத்தின் வேக எல்லையும் தெரிந்துவிடும். ஈஈபிராமுக்கு 150, கூட்டியின் இரண்டு பாதிக்கும் சேர்த்து நாற்பதுக்கு மேல், பஸ்ஸில் ஏற இருபது சொச்சம். 200 நானோசெகண்டைத் தாண்டுகிறது. முழுச் சுற்று 400 என்றால் 2.5 மெகாஹெர்ட்ஸ்தான் காகித எல்லை. பிரெட்போர்டில் அதற்கும் கீழே.

ஆனால் மெதுவாக ஓட்டுவதற்கு எல்லையே இல்லை, அங்கேதான் இந்த வகை இயந்திரத்தின் சுகம். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு கிளாக் என்று வைத்துவிட்டு, எல்இடிகளைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்காரலாம். 8085 போன்ற மைக்ரோபிராசஸர்களில் இது நடக்காது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் உள்ளே இருப்பது மறந்துவிடும்.

மின்சார விஷயத்தில் டிடிஎல்லுக்கு ஓர் ஓரவஞ்சனை உண்டு. சாதாரண 7400-ன் வெளியீடு 0-வில் இருக்கும்போது 16 மில்லிஆம்பியர் வரை உள்ளே இழுக்கும்; 1-ல் இருக்கும்போது 0.4 மில்லிஆம்பியர்தான் வெளியே தரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்எஸ் வகையில் 8-க்கு 0.4. ஆகவே எல்இடியை வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போடுவதைவிட 5 வோல்ட்டிலிருந்து வெளியீட்டுக்குப் போடுவதுதான் முறை. 0 வந்தால் எரியும். பல ஐசிகளில் 'இயங்கு' என்ற கால் 0-வில்தான் வேலை செய்யும் என்று தலைகீழாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் எரிச்சலடைவதுண்டு. டிடிஎல் எந்தப் பக்கம் பலசாலி என்பதையும், கம்பி கழன்றால் டிடிஎல் உள்ளீடு பெரும்பாலும் 1 என்றே படிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. கம்பி கழன்றால் இயந்திரம் எதையும் செய்யாமல் சும்மா நிற்கும்.

ரெசிஸ்டர் போடாமல் எல்இடியை நேராகச் செருகுவது, ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை வைக்காமல் விடுவது, பத்துப் பலகைக்கும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் கொடுப்பது. எப்போதாவது மட்டும் தப்பும் கணினிகளில் பெரும்பாலானவற்றின் கதை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மல்டிமீட்டரை எடுத்துக் கடைசிப் பலகையில் வோல்ட் பார்த்தால் 5-க்குப் பதில் நாலரை காட்டும்.

நினைவகத்தில் மட்டும் எல்லாரும் சமரசம் செய்துகொள்கிறார்கள். 74273 என்ற ரெஜிஸ்டர் ஐசி எட்டு பிட் வைத்துக்கொள்ளும். 32 கிலோபைட் வேண்டுமானால் அதில் 32,768 வாங்க வேண்டும். சாப்-1-ல் 74189 என்ற பழைய ஐசி இரண்டு, பதினாறே பைட். நிரலும் தரவும் அதற்குள் இருந்தாக வேண்டும். பெருக்கல் அட்டவணைக்கு மேல் ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் 62256 போன்ற ராம் ஐசிக்குப் போய்விடுகிறார்கள். ராம் வாங்கலாம் என்றால், ஈஈபிராமில் அட்டவணை எழுதுவது ஏமாற்றா, 74181 ஏமாற்றா என்று இந்த வட்டத்தில் ஓயாத வாதம் உண்டு. என் கணக்கில், எப்போது எது என்று தீர்மானிக்கும் ஒழுங்கை நீங்களே எழுதியிருந்தால் பிராசஸர் உங்களுடையது.

அந்த ஒழுங்கை எப்படி எழுதுவது என்பதில் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கு இரண்டு இயந்திரங்களைச் சொல்ல வேண்டும். பில் பஸ்பீ கட்டிய மேஜிக்-1 மைக்ரோகோடு வழியின் உச்சம். இருநூறுக்கு மேற்பட்ட ஐசிகள், கம்பிகளை ஊசிகளில் சுற்றிக் கட்டிய பலகைகள், ஏறக்குறைய 4 மெகாஹெர்ட்ஸ். பயனர் நிலை, கெர்னல் நிலை என்ற பிரிவு, முகவரிகளை மாற்றித் தரும் பக்க அட்டவணை எல்லாம் உண்டு. ஆகவே அதில் சி கம்பைலருக்கு இலக்கு அமைத்து மினிக்ஸ் இயங்குதளத்தையே ஏற்றிவிட்டார். இணையப் பக்கம் பரிமாறும் வேலையையும் அந்த இயந்திரம் பார்த்தது.

நெதர்லாந்தில் மார்செல் வான் கெர்விங்கும் வால்டர் பெல்கர்ஸும் வடித்த ஜிகாட்ரான் எதிர்த்திசையில் போனது. 2018-ல் கிட்டாக விற்பனைக்கு வந்த அதில் 36 ஐசிகள்தான். மைக்ரோகோடே கிடையாது. ஒரு கட்டளை, ஒரு கிளாக். கட்டளையைப் பிரித்தறிய டிகோடர் ஐசிகளும் சில டையோடுகளும் போதும். 74181 கடைகளில் அரிதாகிவிட்டதால் ஏஎல்யூவை (கணக்கும் தர்க்கமும் செய்யும் பகுதியை), பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் மல்டிபிளெக்சர் எட்டு, கூட்டி இரண்டு என்று சாதாரண ஐசிகளால் கட்டினார்கள். வீடியோவுக்குத் தனிச் சுற்று இல்லை. விஜிஏ திரையின் பிக்சல் வேகமான 25 மெகாஹெர்ட்ஸை நான்கால் வகுத்தால் 6.25; அதுவே பிராசஸரின் கிளாக். ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணப் புள்ளியைத் திரைக்குத் தள்ளுகிறது. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளிகளைக்கூடக் கட்டளைகளை எண்ணி எண்ணித்தான் நிரப்பியிருக்கிறார்கள். ஐசியில் இல்லாத கட்டுப்பாடு அங்கே நிரலுக்குள் குடிபோயிருக்கிறது. பாரம் குறையவில்லை, தோள் மாறியிருக்கிறது.

இன்று தொடங்குகிறவருக்குப் பொருள் கிடைப்பது பெரிய தடையில்லை. 7400, 7486, 74245 மாதிரி ஐசிகள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. சென்னைவாசியானால் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் பாதிப் பட்டியல் முடியும். 74189, 74181 போன்றவைதான் பழைய இருப்பு. எண்ணை அழித்து வேறு எண் அச்சடித்த போலிகளும் அதில் கலந்து வரும், வாங்கியதும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது நல்லது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் கூட்டியில் தொடங்காதீர்கள். முதலில், துடிப்புகளை உண்டாக்கும் 555 ஐசியால் ஒரு கிளாக்கைக் கட்டுங்கள். தானாகவும் ஓட வேண்டும், பொத்தானுக்கும் அசைய வேண்டும், பொத்தானை அழுத்தும்போது ஒரு துடிப்புக்குப் பதில் மூன்று வரக் கூடாது. பிறகு இரண்டு ரெஜிஸ்டர், ஒரு பஸ். ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒரு எண்ணை, நூறு தடவை அழுத்தினாலும் தப்பாமல், நகர்த்திக் காட்டுங்கள். கூட்டியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துக்கொள்ளலாம்.